வாசல்படி வரை ஏரி

கதிர்,

உனக்கு அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை. அம்மாவின் போனுக்கு மட்டும் தினமும் எருமை போட்டோவும் புல்வெளி போட்டோவும் வந்து விழுகின்றன. என் போனுக்கு என்றால்தான் நீ வேலை பார்க்கும் அந்த வடக்குக் கட்ச் பக்கத்து டவர்கள் எல்லாம் படுத்துவிடுகின்றன போலிருக்கிறது. போகட்டும். இன்று சிக்னல் இல்லாதது எங்களுக்குத்தான். நேற்றிலிருந்து கரண்ட் கிடையாது, இரண்டு போனும் செத்துக் கிடக்கின்றன, தெருவில் தண்ணீர் நிற்கிறது. நீ பதறுவாய் என்றுதான் முதலில் சொல்லிவிடுகிறேன்: நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மா அரிசியையும் பருப்பையும் பரண் மேல் ஏற்றிவிட்டு, மெழுகுவர்த்திக்குத் தட்டு தேடிக்கொண்டிருக்கிறாள். மழை பெய்துகொண்டே இருக்கிறது. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் அட்டை வைத்து இதை எழுதுகிறேன். தபால்காரர் எப்போது வருவார் என்று தெரியாது. வந்தாலும் ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்? இருந்தாலும் எழுதுகிறேன்.

என் புத்தி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வேலை பார்த்த காலம் முழுக்க பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவன் நான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்குகிறவனை முதலில் எழுப்ப வேண்டும். நாம் கேட்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டு டிக்கெட்டை நீட்டுகிறவனை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தக் கண் ரிடையர் ஆகவில்லை. நீ காலேஜ் படிக்கும்போது தாம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸில் உன் நண்பர்களோடு நின்றிருந்தாய். நான் ஏறினேன். உன்னைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. உன் பாஸை வாங்கி, தேதியைப் பார்த்து, போட்டோவையும் உன் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். உன் நண்பர்கள் சிரித்ததற்காக நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மகன் என்று விட்டிருந்தால் பின்னால் நின்றவனை எந்த முகத்தோடு கேட்டிருப்பேன்? இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. அம்மா சொல்வாள், "உங்கப்பா சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுதான் கும்பிடுவாரு. சாமி எங்கயாவது போயிடுமோன்னு." செருப்பு போய்விடுமோ என்றுதான் திறந்து வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட நானே ஏமாந்து வாங்கிய இடம்தான் இந்த வீடு. பங்குனி மாத வெயிலில், ஸ்டேஷன் வாசலிலிருந்து இலவச வேனில், சாம்பார் சாதப் பொட்டலத்தோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். மேடவாக்கத்தைத் தாண்டி, கோவிலம்பாக்கம் பக்கம் திரும்பி, கொடிகள் கட்டிய ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். ஏரிக்காற்று வீசும் மனைகள் என்று போர்டு. பட்டாவைப் பார்த்தேன், வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், வக்கீலிடம் காட்டினேன், கையெழுத்துகளை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஆனால் ஐப்பசியில் ஒரு நடை வந்து, ஏரி எதுவரை வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு மட்டுமில்லை, இந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர், பேங்க் ஊழியர், ஆபீஸ் சூப்பரின்டெண்ட், எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் வெயில் காலத்தில் வந்து பார்த்து வாங்கியவர்கள். சென்னைக்குத் தெற்கே மனை விற்கிறவன் எவனும் மழைக்காலத்தில் வேன் அனுப்ப மாட்டான். இதை நீ உன் கட்ச்சிலும் ஞாபகம் வைத்துக்கொள். ஒரு நிலத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், எந்த மாதத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேள்.

பிறகு அந்தப் பெருவெள்ளம் வந்தது. உன் பாடப் புத்தகங்கள் மிதந்ததும், அம்மா கட்டில் மேல் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சியதும் உனக்கு மறந்திருக்காது. தண்ணீர் வடிந்த கையோடு தெருக்காரர்கள் எல்லோரும் கடப்பாரையோடு கலங்கலுக்குப் போனோம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காக அந்தக் காலத்தில் கட்டிய கல் சுவர். அதை ஆள் இடுப்பளவுக்கு உடைத்து இறக்கினோம். இனிமேல் ஏரி அதற்கு மேல் நிறையாது, நம் தெருவுக்கு வராது என்று கணக்கு. உடைத்தவர்களில் நானும் உண்டு என்று உனக்குத் தெரியும், ஒளித்ததில்லை. வீட்டுக்குள் பாம்பு நீந்துவதைப் பார்த்தவன் வேறென்ன செய்வான்? அதற்கப்புறம் ஏரி பாதிதான் நின்றது. காய்ந்த பாதியில் சீமைக்கருவேல் மண்டியது. கோரையும் அல்லியும் போயின, பறவைகள் குறைந்தன, ஏழுமலையின் எருமைகளுக்கு மேய இடமில்லாமல் போயிற்று. ஏழுமலை இந்த ஊரின் பழைய குடும்பம். நிலத்தையெல்லாம் விற்று, கலங்கலுக்குக் கீழே வாடகை வீடுகள் கட்டிவிட்டு, பழக்கத்தை விட முடியாமல் நான்கைந்து எருமைகளை வைத்திருக்கிறான். அந்த முள்காட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மனைக்கற்கள் முளைத்தன. மனை விற்கிறவன் முள்ளை வெட்டுவான், மண்ணைக் கொட்டுவான், கல்லை நடுவான், கொடியைக் கட்டுவான். நமக்கு இது பார்த்துப் பழகிய சினிமா.

அதனால்தான், சிறுசேரியில் ஏசி அறையில் நல்ல வேலை பார்த்துக்கொண்டிருந்த நீ அதை விட்டுவிட்டு, ஏரியை மீட்கிறோம் என்று ஓர் அறக்கட்டளையில் சேர்ந்து, ஒரே மாதிரி பச்சை டி-ஷர்ட் போட்ட கூட்டத்தோடு நம் ஏரிக்கே வந்து நின்றபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. பின்னால் ஜேசிபி. அது முதல் நாளே முள்ளைத்தான் வெட்டியது. நல்லவன் வெட்டினாலும் கெட்டவன் வெட்டினாலும் ஜேசிபி ஒரே மாதிரிதான் வெட்டுகிறது, பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? மேலே ட்ரோன் பறந்தது. யாருக்கு இந்தப் படம் என்று உன் தலைவரைக் கேட்டேன். "டாக்குமென்டேஷன் சார்" என்று சிரித்தார். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிற சிரிப்பு. உங்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள், வெட்டிய முள் எந்த லாரியில் போகிறது, நீர்மருதுக் கன்றும் நாவல் கன்றும் எங்கிருந்து வருகின்றன, எல்லாவற்றையும் விசாரித்தேன். நீ வெட்கப்பட்டாய். இன்றைக்குச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

அப்புறம் ஒரு நாள் காலையில் நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் நீலப் பெயிண்டில் ஒரு கோடு. வரிசையாக எல்லா வீட்டுச் சுவரிலும் இருந்தது. நீ காபி குடித்துக்கொண்டிருந்தாய். இது என்ன கோடு என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்.

"பழைய நீர்மட்டம்பா. கலங்கலைத் திரும்ப உயர்த்திக் கட்டப் போறோம். ஏரி நிறைஞ்சா தண்ணி நம்ம தெருவுக்கு வரும்."

"வீட்டுக்குள்ளயா?"

"வாசப்படி வரைக்கும் வரும். தாண்டாது. அந்த வெள்ளம் கலங்கலால வரலப்பா. வெளிய போற வாய்க்கால் அடைச்சுக் கிடந்துச்சு, அதனால வந்துச்சு. அதைத் தோண்டி அகலமாக்கிட்டோம்."

"தாண்டாதுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் கருவி வச்சு லெவல் எடுத்தேன்."

நான் ஆயிரம் பேரின் பொய்யைக் கேட்டவன். நீ பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுகிறவனாக இருந்தால் பிடித்துக் கொடுத்துவிடலாம். நல்ல எண்ணத்தோடு அப்பன் வீட்டு வாசலுக்கு ஏரியைக் கூட்டி வருகிறவனை என்ன செய்வது? எழுந்து போய், அன்றைக்கே தெருவில் கையெழுத்து வாங்கி, கலங்கலை உயர்த்தக் கூடாது என்று மனு எழுதினேன். நலச்சங்க ஹாலில் கூட்டம் நடந்தபோது அதிகாரிகள் முன்னால், "இந்தக் கோட்டைப் போட்டவருக்கு இங்கே சொந்த வீடு இருந்தால் போடுவாரா?" என்று கேட்டேன். நீ எழுந்து, "இருக்கு சார், அந்தத் தெருவுலதான் எங்கப்பா வீடு" என்றாய். ஹாலே சிரித்தது. என்னை சார் என்று கூப்பிட்டாயே, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனு எடுபடவில்லை. கலங்கல் உயர்ந்தது. கரையில் மருதும் பூவரசும் வைத்தீர்கள், ஆழமில்லாத இடங்களில் கோரையையும் சம்புப் புல்லையும் நட்டீர்கள். நீ அடுத்த வேலைக்காகக் கட்ச்சுக்குக் கிளம்பினாய். அங்கேயும் அதே சீமைக்கருவேல், புல்வெளியைத் தின்கிறது, அதை எடுத்துவிட்டு ஊர்ப் புல்லைக் கொண்டுவர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான்: "ஏரியைப் பாத்துக்கோங்கப்பா. வேவு பாக்கறதுதான் உங்களுக்கு நல்லா வருமே." குத்தலாகத்தான் சொன்னாய். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் குடையும் பழைய மூக்குக்கண்ணாடியுமாகக் கரையைச் சுற்றினேன். உன் ஆட்கள் நட்டதில் எத்தனை போலி, எத்தனை பிழைக்கும் என்று பார்க்கத்தான் போனேன். அங்கே கோரைக்கு நடுவில் குப்பை மாதிரி ஒன்று மிதந்தது. பக்கத்தில் முக்குளிப்பான் பறவை ஒன்று, அந்தக் குப்பைதான் அதன் கூடு. அது கூட்டை விட்டுத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அழுகின பாசியை இழுத்து முட்டைகள் மேல் போட்டு மூடிவிட்டுப் போனது. ஒருத்தரையும் நம்பாத பறவை. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அம்மாவிடம் வந்து சொன்னேன். "உங்க சொந்தக்காரங்க" என்றாள்.

யாரையும் சந்தேகப்படாதே என்று உன்னிடம் நான் சொல்லப் போவதில்லை. சந்தேகப்படு, ஆனால் கொஞ்சம் பக்குவமாகப் படு. அங்கே முள்ளைப் பிடுங்கும்போது, அந்த முள்ளைக் கரியாகச் சுட்டுப் பிழைக்கிறவன் எங்கே போவான் என்று முதலில் கேள். நம் ராமநாதபுரத்துப் பக்கம் அப்படிப் பிழைக்கிறவர்களை நீ பார்த்திருக்கிறாய். புல் முளைத்த பிறகு வேலி போடுவார்கள். வேலி போட்டால் கேட்டின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார். எருமைக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வளர்க்கிற புல் யாருக்காக வளர்கிறது என்று விசாரி. முள்ளெல்லாம் கெட்டது, புல்லெல்லாம் நல்லது என்று உன் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அந்த முள்ளில் கூடு வைத்திருப்பது எது என்று ஏறிப் பார்த்துவிட்டு வெட்டு. முக்கியமாக, கோடு போடப் போகிற வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டு, அப்புறம் கோட்டைப் போடு. விடிந்ததும் சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்வது எந்த அப்பனுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மழை விடாமல் பெய்ததில் ஏரி நிறைந்து, உயர்த்திய கலங்கலின் மேலே வழிய ஆரம்பித்தது. காலையில் தெருவே நம் வாசலில் நின்றது. எதிர்வீட்டு ராகவன் சார், "மனு குடுத்ததே நீங்கதான் சார். இப்ப நீங்கதான் முன்னால வரணும். உடைச்சுடலாம். இல்லேன்னா திரும்ப அந்த வெள்ளம்தான்" என்றார். அவர் பயம் உண்மையானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடைக்கத்தான் போனேன். உன் மேல் இருந்த கோபமும் சேர்ந்துதான் நடந்தது.

கரையில் போகும்போது கண் தன்னால் அந்தக் கோரைப் பக்கம் போனது. கூடு ஏறின தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறினால் அதற்குக் கவலையில்லை. திடீரென்று இறங்கினால் சேற்றில் சாய்ந்துவிடும். பார்த்துக்கொண்டே நடந்தேன், நிற்கவில்லை. கலங்கலில் எங்களுக்கு முன்பே ஒருவன் கடப்பாரையோடு தயாராக நின்றான். நல்ல ரெயின்கோட், நல்ல பூட்ஸ். "வாங்க சார், வாங்க, சீக்கிரம்" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டான். நாங்கள் வருவதற்கு முன்பே அவனுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு உடம்பெல்லாம் பழைய உத்தியோகம் ஏறிவிட்டது. அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்க வீடு எந்தத் தெரு?"

"இங்கதான் சார்."

"இங்கன்னா?"

"பின்னால சார்."

"பின்னால ஏரிதானே இருக்கு?"

தெருக்காரர்கள் திரும்பி ஏரியைப் பார்த்தார்கள். போன கோடையில் முள்காட்டுக்குள் கொடி கட்டியிருந்த மனைகள் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தன, கொடிக்கம்புகளின் நுனி மட்டும் தெரிந்தது. அவன் விற்ற மனைகள் அவை, கலங்கலை உடைத்தால்தான் வெளியே வரும். அதற்குள் ஏழுமலை ஓடிவந்தான். கலங்கல் உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே அடியாக அவன் வாடகை வீடுகள் மேல்தான் இறங்கும். "இன்னா சார் இது, உங்க வூட்டுக் காலு நனையக் கூடாதுன்னு கீழ கீறவன முழுசா முழுகடிப்பியா? புள்ள குட்டிங்க கீது சார் அங்க" என்று கத்தினான். அவன் ஏரிக்காகப் பேசவில்லை, வாடகைக்காகப் பேசினான் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். கீழே குழந்தைகள் இருந்தது உண்மை. நான் கலங்கல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உடைக்கிறதென்றால் என்னைத் தூக்கிவிட்டு உடையுங்கள் என்றேன். ராகவன் சார் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "உங்க பையன் போட்ட கோட்டை நம்பி எங்க குடும்பத்தையெல்லாம் உட்கார வைக்கிறீங்களா?" என்று கேட்டார். நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். ரெயின்கோட்டுக்காரன் முதலில் நழுவினான், பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள்.

அதற்கப்புறம் தண்ணீர் தெருவுக்கு வந்தது, நீ சொன்ன மாதிரியே. இன்று மத்தியானம் ஏழுமலை டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டான். ராகவன் சார் வீட்டில் எல்லோரும் கூடுவாஞ்சேரியில் அவர் மச்சினர் வீட்டுக்குப் போகிறார்கள். ஏறும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவர் வீட்டுக்குள் தண்ணீர் போனால் நான் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன் என்ற பயம் நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஏழுமலை நம் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"ஏறு சார். அக்காவயும் இட்டுகினு வா. உம் புள்ள கோடு போட்டுட்டு எங்கியோ போய் குந்திகினான். தண்ணி இன்னா, கோட்டப் பாத்துகினா நிக்கும்?"

"நிக்கும்னு சொல்லியிருக்கான்."

"நீயா சார் நம்புற?"

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பையை எடுக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றதும் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

தண்ணீர் இப்போது வாசல்படியின் விளிம்பில் நிற்கிறது. டிராக்டர் கிளப்பின அலையில் ஒரு தடவை மேலே ஏறி, திரும்ப இறங்கியது. ஏறுகிறதா நிற்கிறதா என்று ஒரு குச்சியை நட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குச்சியும் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டு தடவை கை போயிற்று, எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கதிர். மழை விடவில்லை. டிராக்டர் போய்விட்டது. நீ சொன்ன சொல்லை நம்பி நானும் அம்மாவும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்பா